கள்ளிக்குப்பத்தின் மேல் குண்டு போடுகிறார்கள்

1

நான் கனடாவுக்கு வந்து பத்து வருடம் நிறைந்த அன்று என் மகள் அம்பத்தூர் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

பதறாதீர்கள். எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். போர் விமானம் ஓட்டுவதை அப்படியே திரையில் செய்து காட்டும் ஒரு விளையாட்டு. உலகப் போர் காலத்துப் பழைய விமானங்கள், மூக்கில் காற்றாடி சுற்றுகிற வகை. விளையாட்டு என்று சொன்னால் சுஜாவுக்குக் கோபம் வரும். "கேம் இல்லம்மா, சிமுலேட்டர்" என்பாள். பதினைந்து வயது. அவளோடு சேர்ந்து ஓட்டுகிறவர்கள் பின்லாந்திலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். டெலிபோன் ஒயர் வழியாக எல்லோரும் ஒரே வானத்தில் கூடிவிடுகிறார்கள். அவர்கள் சண்டை முடியும்வரை எங்கள் வீட்டுக்கு யாரும் போன் செய்ய முடியாது.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வரும் வழியில் ஒரு சின்ன கேக் வாங்கினேன். பத்து வருடத்தைக் கொண்டாட வேண்டுமா, துக்கம் காக்க வேண்டுமா என்று எனக்கே நிச்சயமில்லை. கேக் இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கீழ்த்தள அறைக்குப் படியிறங்கிப் போனால், திரையில் ஒரு ஏரி. கொஞ்சம் தள்ளி ரயில் தண்டவாளம். தண்டவாளத்துக்குத் தெற்கே வரிசை வரிசையாகத் தகரக் கூரைகள்.

"இது எந்த ஊருடி?"

"உன் ஊர்தான். ஆம்பட்டூர்" என்றாள் சந்தோஷமாக. அவள் வாயில் அந்தப் பெயர் அப்படித்தான் வரும். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு கூரை தீப்பிடித்து எரிந்தது.

"அது என்ன?"

"பாபு மாமா ஃபேக்டரி."

கேக்கைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2

எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் கோடைக்காலம் முதல் ஒரு காகிதம் தொங்குகிறது. அம்பத்தூரில், கள்ளிக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டை விற்க என் தம்பி பாபுவுக்கு நான் கொடுக்க வேண்டிய அதிகாரப் பத்திரம். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பால் எடுக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும். நான் பார்க்கமாட்டேன்.

அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நானும் பாபுவும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். பக்கத்து வீட்டில் மதுரைக்காரர்கள், எதிர் வீட்டில் நாகர்கோவில்காரர்கள், நாங்கள் திருச்சிப் பக்கம். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் சுவர். அப்பா ரிட்டயர் ஆனதும் காலி செய்யச் சொல்லி ஓலை வந்தது. சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளைக்கூட அடைத்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அம்மா குளிக்கிற சோப்பைப் பிசைந்து ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தாள். அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் கள்ளிக்குப்பத்தில் அதற்கு முன்பே மனை வாங்கிப் போட்டிருந்தார். கட்டும்போது தினமும் விடியற்காலையில் சைக்கிளில் போய்ச் சுவருக்குத் தானே தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் டிபன் சாப்பிடுவார். பால் காய்ச்சிய அன்று, "இனிமே நம்மள எவனும் காலி பண்ணுன்னு சொல்ல முடியாது" என்றார். நான் அந்த வீட்டில் நாலு வருடம்தான் இருந்தேன். கல்யாணமாகிப் போய்விட்டேன், சுஜாவுக்கு ஐந்து வயதானபோது இங்கே வந்துவிட்டோம்.

இப்போது அப்பா, அம்மா இருவரும் இல்லை. பாபுவின் மனைவி திருநின்றவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், அதனால் அவன் குடும்பத்தோடு அங்கே. கடைசியாகக் குடியிருந்தவர்களும் போய்விட்டார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. மழை பெய்தால் கூடத்தில் ஒழுகுகிறது. வாங்க வந்திருப்பவர் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார். பொங்கல் வரைக்கும்தான் காத்திருப்பாராம். பாபு எஸ்டேட்டில், அதாவது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வாடகை ஷெட்டில் பட்டறை வைத்திருக்கிறான். இந்த வீடு போனால்தான் அவனுக்குச் சொந்தமாக ஒரு ஷெட் வரும்.

நியாயம் முழுக்க அவன் பக்கம். தெரியும். தெரிந்துதான் நாளைக் கடத்தினேன். முதலில் சளி என்றேன். பிறகு பனி என்றேன். ஒருநாள் ஒருவழியாகத் தூதரக அலுவலகத்துக்குப் போனேன். வாரிசுச் சான்றிதழில் ரா. வசந்தா என்றிருக்கிறது, பாஸ்போர்ட்டில் வசந்தா குமார் என்றிருக்கிறது, இருவரும் ஒருவரே என்று உறுதிமொழி எழுதிக் கொண்டு வாருங்கள் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் என்ன சந்தோஷம் தெரியுமா! பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விட்ட மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தால் எழுத வரவில்லை. ரா. வசந்தா ஆவடி ஸ்டேஷனில் ஓடி வந்து ரயிலைப் பிடிப்பாள். கடைக்காரரிடம் சண்டை போட்டுக் கொசுறு வாங்குவாள். வசந்தா குமார் பஸ்ஸில் யாராவது இவள் காலை மிதித்தாலும் இவளே 'ஸாரி' சொல்கிறாள். இருவரும் ஒருவரே என்று நான் எப்படிச் சத்தியம் செய்வது?

இங்கே வந்து எத்தனையோ வாடகை வீடுகள் மாறிவிட்டோம். ஒரு பெட்டியை நான் இன்னும் பிரிக்கவே இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. ஊரிலிருந்து வரும் எந்தப் படிவத்திலும் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் மட்டும் யோசிக்காமல் கள்ளிக்குப்பம் என்று எழுதுவேன். கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது?

3

சுஜாவின் விமானத்துக்குக் கால் மிதி தேவைப்பட்டது இந்த நேரத்தில்தான். கையில் பிடிக்கிற ஜாய்ஸ்டிக் அவளிடம் இருந்தது. உண்மையான விமானத்தில் வாலைத் திருப்ப இரண்டு காலாலும் மிதிப்பார்களாம். கடையில் விலை கேட்டுவிட்டு நானும் அவள் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே வந்தோம். ஞாயிற்றுக்கிழமை போனில் வீட்டுப் பேச்சை மாற்றுவதற்காக இதைப் பாபுவிடம் சொன்னேன்.

"இன்னாக்கா, கால் மிதி தானே? அதுக்கா இவ்ளோ ரோசனை? அளவு சொல்ல சொல்லு கொயந்தையை. நான் அட்சிக் குடுக்கிறேன்."

சின்ன வயதில் வீட்டில் அவன் 'இருக்கு' என்றுதான் பேச வேண்டும், சென்னைப் பேச்சில் 'கீது' என்றால் அம்மா கரண்டியைத் தூக்குவாள். எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனான், மொத்தமாக மாறிவிட்டான்.

சொன்னபடி செய்தும் அனுப்பினான். மொபெட்டின் மிதிக்கட்டை இரண்டு, ரப்பரோடு. இரும்புப் பட்டைச் சட்டம். ஒரு மிதி உள்ளே போனால் மற்றது வெளியே வர நடுவில் ஒரு குறுக்குக் கட்டை, திரும்பவும் நடுவுக்கு இழுக்கக் கதவு ஸ்பிரிங். எவ்வளவு மிதித்தோம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல, ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோல். இதையெல்லாம் நான் பிறகுதான் பார்த்தேன். ஏனென்றால் பார்சல் வீட்டுக்கு வரவில்லை. சுங்கத்திலிருந்து கடிதம் வந்தது, நேரில் வந்து விளக்கம் தரும்படி.

எஸ்டேட்டில் ஒரு பழக்கம் உண்டு. சின்னப் பட்டறைகளில் தயாராகும் சாமானுக்குத் தனிப் பெயர் எல்லாம் கிடையாது. எந்த வண்டிக்குப் போகிறதோ அதுதான் பெயர். ஒரு அட்டையில் லாரி, டிராக்டர், பஸ் என்று பெரிதாக எழுதி மூட்டையில் கம்பியால் கட்டிவிடுவார்கள். கம்பெனி வாசலில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அட்டை இல்லாத மூட்டை வந்த வழியே திரும்பிவிடும். பாபு இத்தனை வருடப் பழக்கத்தில், மறக்காமல், கொட்டை எழுத்தில் அட்டை எழுதிக் கட்டியிருந்தான். ஃபைட்டர் பிளேன், லெஃப்ட் அண்ட் ரைட்.

தபால் படிவத்திலும் அதையே எழுதியிருந்தான். அனுப்புநர் இடத்தில் பட்டறையின் ரப்பர் ஸ்டாம்ப்.

சீருடையைக் கண்டால் என் ஆங்கிலம் ஓடிவிடும், அதனால் சுஜாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். வயதான அதிகாரி. கண்ணாடியை இறக்கிவிட்டு, "எந்த விமானத்துக்கு?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "பயப்பட வேண்டாம் சார், சின்ன விமானம்தான், எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

சுஜா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அந்த இரும்பை எடுத்துத் தரையில் வைத்து, பூட்ஸைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்து மிதித்துக் காட்டினாள். இது கம்ப்யூட்டருக்கு, இது ரேடியோ சாமான், இது கதவு ஸ்பிரிங் என்று விளக்கினாள். யார் செய்தது என்று அவர் கேட்டதற்கு, "என் மாமா. இந்தியாவில்" என்றாள். அதிகாரியும் ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

என் காதில் 'என் மாமா' மட்டும்தான் நின்றது. அதுவரை அவன் அவளுக்கு 'உன் தம்பி'. போனில் பேசச் சொன்னால் "ஹலோ, பை" சொல்லிவிட்டு ஓடுவாள்.

4

மிதியில் ஒரு கோளாறு இருந்தது. விமானம் இடது பக்கம் திரும்ப மறுத்தது, வலது பக்கம் கொஞ்சம் மிதித்தாலே சுழன்றது. மாமாவிடம் சொல்ல வேண்டும், அவள்தான் சொல்ல வேண்டும். எனக்கு என்ன தெரியும்?

"மாமா, லெஃப்ட் கொஞ்சம்தான் போகுது. ரைட் ஜாஸ்தி போகுது."

"ஸ்பிரிங்கு லூசா கீதா பாரு."

"ஸ்பிரிங் ஓகே மாமா. அது... அந்தத் திருகுற பார்ட்."

போனைப் பிடித்துக்கொண்டு அரை மணி பேசினார்கள். அடுத்த வாரம் பாபுவே கண்டுபிடித்தான். ரேடியோவுக்கு வருகிற வால்யூம் கன்ட்ரோல், நம் காதுக்குத் தக்கபடி முதலில் மெதுவாகவும் கடைசியில் சட்டென்றும் ஏறும். இதற்கு ஒரே சீராக ஏறுவது வேண்டும். "தப்பு என்னுதுதான் சுஜாம்மா, ரிச்சி ஸ்ட்ரீட்ல கேக்காம வாங்கிக்கினு வந்துட்டேன்" என்றான். சரியானது இன்னொரு கவரில் வந்தது. இந்த முறை அட்டையில் என்ன எழுத வேண்டும் என்று சுஜாவே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

புதியது மாட்டிய அன்று பாபு கேட்டான். "நம்ம ஊர் மேல பறந்தியா?"

"உங்க ஊர் இதுல இல்ல மாமா. யூரோப் மட்டும்தான்."

"இன்னாம்மா இது, அம்பத்தூர் இல்லாத ஆகாசம் ஒரு ஆகாசமா?"

அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். அவள் பிடித்துக்கொண்டாள். அந்த விளையாட்டில் புதிதாக ஊர்களையும் விமானங்களையும் சேர்க்க முடியுமாம். ஆர்வக்காரர்கள் வீட்டிலேயே செய்து, மற்றவர்கள் எடுத்துக்கொள்ள நெட்டில் வைக்கிறார்கள். பாபு ஒரு சார்ட் பேப்பரில் ஏரி, தண்டவாளம், பாடி மேம்பாலம், எஸ்டேட், கள்ளிக்குப்பம் எல்லாம் வரைந்து அனுப்பினான். தன் ஷெட்டை மட்டும் பெரிய ஃபேக்டரியாக வரைந்திருந்தான். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை இருவரும் பேசினார்கள். என் முறை வரும்போது பாபு களைத்திருப்பான். "பேப்பரு இன்னாச்சுக்கா?" என்று மட்டும் கேட்பான். "பார்க்கிறேன்டா" என்பேன். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஊரைக் கட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும். எதற்குக் கட்டுகிறாள் என்று தெரியாது.

5

படிக்கட்டில் கேக்கோடு உட்கார்ந்திருந்தேன் என்றேன் அல்லவா? கொஞ்ச நேரம்தான். பிறகு கத்த ஆரம்பித்தேன்.

"ஊரைக் கட்டினது குண்டு போடவா? யார் யாரையோ கூட்டிட்டு வந்து நம்ம ஊர் மேல குண்டு போடச் சொல்லுவியா?"

"டார்கெட் இல்லாத மேப்பை யாரும் எடுக்க மாட்டாங்கம்மா. ஃபேக்டரி, ஸ்டேஷன், பிரிட்ஜ், இதெல்லாம் டார்கெட். இத்தனை பேர் ஓட்டுறாங்க, அதுவே பெருமை."

"இதுல என்னடி பெருமை? உன் ஊரா இருந்தா போடுவியா?"

அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "என் ஊர் எதும்மா? நீ சொல்லு. இந்தக் கனடாவைச் சொன்னா, 'இது நம்ம ஊர் இல்ல'ங்கற. அங்க போனா எல்லாரும் 'கனடாப் பொண்ணு'ங்கறாங்க. எது என் ஊர்?"

மேலே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். என் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, ஒன்றும் கேட்காமல், படிக்கட்டிலிருந்த கேக்கை எடுத்துத் தின்றார்.

அந்த வாரம் முழுக்க நானும் அவளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. பனியில் தெருக்கோடி வரை நடப்பேன், திரும்பி வருவேன், மறுபடியும் கோட்டை மாட்டுவேன். என்ன மாதிரி ஆள் நான்? நிஜ வீட்டை இடிக்கக் காத்திருக்கிறார்கள், நான் கம்ப்யூட்டர் வீட்டுக்குச் சண்டை போடுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் துணி துவைக்கக் கீழே போனேன். வாஷிங் மெஷின் அங்கேதான். சுஜா திரையில் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். பின்லாந்துக்காரர் ஒருவர் அனுப்பிய குறைகளின் பட்டியல். துணியை எடுத்துக்கொண்டே நானும் படித்தேன். மேம்பாலம் அருமை. ஏரியின் நிறம் சரியில்லை. கடைசியாக ஒன்று. தண்டவாளத்துக்கு வடக்கே ஒரு வீடு மட்டும் என்ன செய்தாலும் இடியவில்லை, கையிலிருந்த எல்லாக் குண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன், நண்பர்களும் போட்டுப் பார்த்துவிட்டார்கள், தயவுசெய்து இந்தப் பிழையைத் திருத்தவும்.

"எந்த வீடுடி அது?"

அவள் திரும்பவில்லை. "உனக்குத் தெரியும்ல."

விமானத்தைத் தாழப் பறக்கவிட்டாள். பச்சைக் கேட். மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. பக்கத்தில் ஒரு முருங்கை மரம், முருங்கை எப்படி இருக்கும் என்று மறந்துபோன பிள்ளை போட்டது, பைன் மரம் மாதிரி இருந்தது. சுற்றிலும் கரி. எஸ்டேட் இல்லை, ஸ்டேஷன் இல்லை. அது மட்டும் நின்றது.

"ஒவ்வொரு பில்டிங்குக்கும் ஒரு நம்பர் குடுக்கணும்மா. எவ்வளவு அடி தாங்கும்னு. இதுக்கு மட்டும், எவ்வளவு பெரிய நம்பர் ஏத்துக்குதோ அதைக் குடுத்தேன்."

"ஏன்டி?"

"நீ அந்தப் பேப்பரைச் சுத்திச் சுத்தி வரியே. மாமாவும் பாவம். நீயும் பாவம்." பிறகு மிக மெதுவாக, "நீ கத்தறதுக்கு முன்னாடியே செஞ்சிட்டேன்" என்றாள்.

பின்லாந்துக்காரருக்கு அவள் பதில் எழுதி முடித்திருந்தாள். இரண்டே வரி. அது பிழை இல்லை. அது என் அம்மாவின் வீடு.

ஈரத் துணியோடு நின்று அழுதேன். பத்து வருடத்தில் இந்த ஊரில் நான் சத்தம் போட்டு அழுதது அதுதான் முதல் தடவை. அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து, என்னைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். காலைத் தூக்கி மிதியில் வைத்தாள். "ஓட்டு" என்றாள். மொபெட் ரப்பர் பாதத்தில் சொரசொரத்தது. நான் ஒருமுறை வீட்டைச் சுற்றினேன், இரண்டாவது சுற்றில் ஏரியில் விழுந்தேன்.

6

திங்கட்கிழமை அந்த வரியை எழுதினேன். ரா. வசந்தாவும் வசந்தா குமாரும் ஒருவரே. தூதரக அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, அங்கிருந்தே தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். ஃப்ரிட்ஜ் கதவு வெறுமையாக இருந்தது. வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாபுவிடம் நானே முதலில் பேசினேன்.

"அனுப்பிட்டேன்டா. வித்துடு."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இன்னாக்கா, திடீர்னு? என் மேல கோவமா? வாணாம்னா சொல்லு, நான் அந்தாள்கிட்ட பேசிக்கிறேன். அப்பா கட்ன ஊடு..."

"கோவம் ஒண்ணும் இல்லடா. அப்பா ஊடு எங்கயும் போவல. சுஜாகிட்ட பத்திரமா கீது. எவனாலயும் இடிக்க முடியாது."

அம்மா இருந்திருந்தால் எனக்கும் கரண்டி விழுந்திருக்கும்.

அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், பின்லாந்துக்காரர், பெரிய எண், பைன் மரம் மாதிரி முருங்கை. சொல்லி முடித்ததும் அவன் கேட்டான்.

"அப்போ என் ஷெட்டு?"

"அது மொத குண்டுலயே போச்சுடா."

"அதானே பார்த்தேன்" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். "வாடகை ஷெட்டு தானேக்கா, போவட்டும். புதுசு கட்டிட்டு அளவு அனுப்புறேன், அதுக்கும் அந்த நம்பரைப் போடச் சொல்லு."